கடிவாளமிட்ட குதிரைத்திறன்

வேகத்தை வளர்ப்பது எப்படி என்று ஆராய்ந்தோர் உலகில் பலர். வளர்ந்துவிட்ட வேகத்தைக் குறைப்பது எப்படி என்று ஆராய வேண்டிய நிலையோ மனிதனுக்கு அரிதாகவே வாய்க்கிறது. அமெரிக்க நாட்டின் ‘ஸ்டாக் கார்’ பந்தயக்காரர்களுக்கு அந்நிலை வாய்த்தது. தொலைக்காட்சியில் இப்பந்தயங்களைக் காணும் நம் இல்லத்து இளைஞர்கள், “காருக்கு இன்னும் விரைந்தோடும் ஆற்றல் இருக்க, அதன் மூச்சை அடைத்துக் களத்துக்கு அனுப்புவது என்ன நியாயம்?” என்று வினவுவதுண்டு. நல்ல வினா. இத்திங்கள் அதற்கு விடை காண முயல்வோம்.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் கடையில் விலைக்குக் கிடைத்த சாதாரண மோட்டார் காரே. அதனைச் செப்பனிட்டுப் பந்தயத்தில் ஓட்டினர். இப்பந்தயங்களை முறைப்படுத்த 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதே ‘நாஸ்கார்’ என்னும் அமைப்பு. அதனை முன்னின்று அமைத்தவர் பில் பிரான்ஸ். அந்நாளில் பிளாரிடா மாநிலத்து டேட்டோனா நகரில் கடற்கரை மணலிலேயே பந்தயம் நடந்து வந்தது. அதற்கு மாறாகப் பெரியதொரு பாதையை அமைக்க அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவாக 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது டேட்டோனா பந்தயப் பாதை. அதன் சுற்று இரண்டரை மைல். வளைவுகளில் தரை 31 பாகை சாய்ந்து நிற்கிறது. அச்சரிவை எழுப்பப் பாதையின் நடுவிலேயே மண்ணைத் தோண்டினர். தோண்டிய பள்ளம் இன்று ஓர் ஏரியாக விளங்குகிறது. பத்தாண்டுகள் கழித்து, 1969-இல், அலபாமா மாநிலத்து டாலடீகாவில் இதனினும் பெரிய பாதை அமைந்தது. அதன் சுற்று 2.66 மைல், சரிவு 33 பாகை. அச்சரிவின் மேல் விளிம்புக்கு நடந்து ஏறுவதே மூச்சிரைக்கும் வேலை.

பாதையை ஏன் இவ்வாறு சாய்க்க வேண்டும்? நாம் ஊருக்குச் செல்லும் ரயிலை நினைத்துப் பாருங்கள். வளைவுகளில் வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். வண்டி வெளியே தள்ளப்படும் போக்கை அச்சாய்வு தாங்கிக்கொள்கிறது. திருவிழாக்களில் ‘மரணக் கிணறு’ என்னும் மரக் கூண்டின் செங்குத்துச் சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் தத்துவம் இதுவே. வேகம் அவனைச் சுவரோடு அழுத்துகிறது; அழுத்தம் இருப்பதனால் அவன் விழுவதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். டேட்டோனா வளைவின் ஆரம் ஏறத்தாழ 1,000 அடி. அந்த ஆரமும் 31 பாகைச் சரிவும் கொண்ட பாதையில் மணிக்கு ஏறக்குறைய 95 மைல் வேகத்தில் செல்லும் காருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பே தேவையில்லை. சரிவு ஒன்றே அதைத் திருப்பிவிடும். மணிக்கு 190 மைல் வேகத்தில் சென்றாலோ, சமதரையாயின் காரின் எடையைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு பக்கவாட்டுப் பிடிப்பை டயர்கள் அளித்தாக வேண்டும். சரிவில் அது ஒன்றரை மடங்காகக் குறைகிறது. அதே வேளையில் கார் தன் எடையைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட பாரத்துடன் தரையில் அழுத்தப்படுவதால், டயரின் பிடிப்பும் மிகுகிறது. ஆகவே ஓட்டுநர் வளைவிலும் வேகத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. சாதாரணப் பாதையில் வளைவுதான் வேகத்துக்கு எல்லை வகுக்கிறது. இங்கே வளைவு எல்லையாக இல்லை. எஞ்சினின் ஆற்றல், காற்றின் எதிர்ப்பு ஆகிய இரண்டே எல்லைகள். முன்னது வளர்ந்தும் பின்னது குறைந்தும் வந்தால், வேகம் ஏறிக்கொண்டே போவதில் வியப்பென்ன?

இடர் முதலில் டயரில் தோன்றியது. டாலடீகாவில் 1969 செப்டம்பரில் நடந்த முதற் பந்தயத்தின் பயிற்சியின்போது, அவ்வேகத்தையும் பாரத்தையும் தாங்காமல் டயர்கள் கிழிந்தன. புகழ்பெற்ற ஓட்டுநர் ரிச்சர்டு பெட்டியின் தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் பலர் பந்தயத்தைப் புறக்கணித்து வெளியேறினர். எஞ்சியவர்களைக் கொண்டு பந்தயம் நடந்தேறியது. எனினும், பாதையின் வேகம் கருவியின் வலிமையை மீறிவிட்டது என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் அதே பாதையில் பட்டி பேக்கர் என்பவர் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 200 மைலைக் கடந்து ஒரு சுற்றை முடித்தார். கிலோமீட்டர்க் கணக்கில் அது 322. கூர்மையான மூக்கும் பின்புறம் உயர்ந்த இறக்கையும் உடைய டாட்ஜ், பிளிமத் கார்கள் அக்காலத்தில் களத்தில் இறங்கியிருந்தன.

நாஸ்கார் அமைப்பு முதன்முதலாக 1970 ஆகஸ்டில் கடிவாளத்தைக் கையிலெடுத்தது. காற்றும் எரிபொருளும் எஞ்சினுக்குள் செல்லும் வழியில், துளையிட்ட தகடொன்றை வைக்குமாறு பணித்தது. மறு ஆண்டு, இறக்கை வைத்த கார்களின் எஞ்சின் 5 லிட்டர் கொள்ளளவுக்கு மேற்படலாகாது என்று விதித்தது. அன்று மற்றவை 7 லிட்டர் எஞ்சின்கள். ஆதலின் இறக்கைக் கார்கள் களத்திலிருந்து தாமே மறைந்தன. பின்னர் 1974-இல் எல்லாக் கார்களுக்கும் ஏறத்தாழ 5.9 லிட்டர் என்னும் வரம்பு வந்தது. தகடும் விலக்கப்பட்டது. சிக்கல் தீர்ந்தது என்று பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் வரம்பை ஒருவர் விதித்தால், அவ்வரம்புக்குள்ளேயே வழி காண்பது எஞ்சின் வல்லுநர்களின் இயல்பு. அதே கொள்ளளவிலிருந்து ஆண்டுதோறும் மிகுந்த ஆற்றலை அவர்கள் பிழிந்தெடுத்தனர். 1987 ஏப்ரலில், டாலடீகாவின் தகுதிச் சுற்றில், பில் எல்லியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தை எட்டினார். ஸ்டாக் கார்ப் பந்தயத் தகுதிச் சுற்றுகளில் அதனினும் மிக்க வேகம் இன்றளவும் பதிவானதில்லை.

சில நாட்களில், மே 3-ஆம் நாள், பந்தயம் நடந்தது. பாபி அல்லிசன் என்னும் மூத்த ஓட்டுநரின் காரில் ஒரு டயர் வெடித்தது. கார் பின்புறமாகத் திரும்பிற்று. திரும்பிய கணமே காற்று அடியில் புகுந்து அதனைத் தூக்கியது. பார்வையாளர் பகுதியைக் காத்து நின்ற கம்பி வேலியில் அது மோதி வேலியை நெடுந்தூரம் பிய்த்தெறிந்தது. சிதறிய பகுதிகளால் பார்வையாளர்கள் காயமுற்றனர். நல்லூழால் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தயம் நிறுத்தப்பட்டு, வேலி செப்பனிடப்பட்டது. முடிவில் வென்றவர் பாபியின் மகன் டேவி அல்லிசன்.

வேலி மட்டும் இன்னும் சற்று நலிவாக இருந்திருந்தால்? இவ்வினாவை அமைப்பினர் தவிர்க்க இயலவில்லை. ஓட்டுநன் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறான். அவனுக்கு ஊதியமும் புகழும் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் எதனையும் பணயம் வைக்கவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடமை இங்கேதான் பிறக்கிறது.

கடமை தெளிவாயிற்று, வழி எது? வழிகள் பல இருந்தன. முதலாவது, சரிவையே குறைத்துவிடுவது. வளைவு சமதரையை நெருங்கினால் ஓட்டுநர் பிரேக்கை நாடியே தீர வேண்டும். ஆனால் பல மைல் பாதையைப் பெயர்த்துக் கட்டும் செலவு மிகப் பெரிது. அப்பாதைகளின் புகழோ அச்சரிவில்தான் இருக்கிறது. இரண்டாவது, எஞ்சினை மேலும் சிறிதாக்குவது. அதற்கு ஒவ்வொரு குழுவும் புதிய எஞ்சின்களை உருவாக்க வேண்டும். ஆண்டில் நான்கு பந்தயங்களுக்காகத் தனி எஞ்சின் குலம் ஒன்றை வளர்ப்பது எளிய குழுக்களுக்கு ஆகாத காரியம். மூன்றாவது, காற்றின் எதிர்ப்பை மிகுவிப்பது. காரின் பின்புறத் தடுப்பை உயர்த்தினாலும் கூரையில் பட்டை பொருத்தினாலும் வேகம் குறையும். ஆனால் காரின் பின்னே காற்றில் உண்டாகும் வெற்றிடம் பெரிதாகி, பின்தொடர்வோர் அதனுள் புகுந்து விரைந்து வந்துவிடுவர். நான்காவது, பிடிப்புக் குறைந்த டயர்களைத் தந்து, வளைவில் வேகம் தணிக்கச் செய்வது. டயர் வெடிப்பே விபத்துக்குக் காரணமான களத்தில் டயரைச் சோதனைப் பொருளாக்க யாருக்குத் துணிவு வரும்?

ஆகவே, அவ்வாண்டுக் கோடையில் சிறிய கார்புரேட்டர்களைப் பயன்படுத்திப் பார்த்தனர். அடுத்த ஆண்டு, 1988-இல், டேட்டோனாவிலும் டாலடீகாவிலும் பழைய தகடே மீண்டும் வந்தது. கார்புரேட்டருக்குக் கீழே வைக்கப்படும் மெல்லிய அலுமினியத் தகடு அது. நான்கு வட்டத் துளைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவோ இருக்கும். அமைப்பினரே தகடுகளை வழங்குவர். பந்தயம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வர். காற்று குறைந்தால் எரியும் எரிபொருளும் குறைகிறது. ஆற்றல் தானே தணிகிறது. செலவோ சொற்பம். எல்லோருக்கும் ஒரே அளவு.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெருவேகத்தில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் முப்படியாக வளர்கிறது. ஆதலின் எஞ்சினின் ஆற்றலைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறையும். 1988-ஆம் ஆண்டு டேட்டோனா தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற கார் மணிக்கு 193.8 மைல் ஓடியது. 210 மைலிலிருந்து 190-க்கு இறங்குவது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மோதலின்போது செலவாக வேண்டிய இயக்க ஆற்றல் அதனால் 18 சதவீதம் குறைகிறது. காரை மேலே தூக்கும் காற்றின் விசையும் அதே அளவில் தணிகிறது. மோதும் காரிலும் தாங்கும் வேலியிலும் அந்த 18 சதவீதம் சிறிய தொகையன்று.

அவ்வாண்டு டேட்டோனாப் பந்தயத்தில் தந்தை பாபி அல்லிசன் முதலாவதாகவும் மகன் டேவி இரண்டாவதாகவும் வந்தனர். சில மாதங்களுக்குப்பின் வேறொரு பாதையில் நேர்ந்த கொடிய விபத்தில் பாபியின் தலையில் அடிபட்டது. உயிர் தப்பினார், ஆனால் மகனை வென்ற அந்த நன்னாளின் நினைவு அவருக்குத் திரும்பவேயில்லை. வேகத்தின் கணக்கு புத்தகத்தில் மட்டும் எழுதப்படுவதன்று.

தகடு வேகத்தைக் குறைத்தது; ஆனால் வேறொன்றைப் பெருக்கியது. நம் நெடுஞ்சாலைகளில் இதனைக் கண்டிருப்பீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய இரண்டு லாரிகள், ஒன்றை ஒன்று முந்த முயன்று, முந்தும் அளவுக்கு மிகை ஆற்றல் இல்லாமல், பக்கம் பக்கமாகவே நெடுந்தூரம் செல்லும். பின்னால் வண்டிகள் வரிசையாகத் தேங்கும். டாலடீகாவில் நிகழ்ந்ததும் அதுவே. எல்லா எஞ்சின்களும் ஒரே அளவு மூச்சு விட்டன. ஒருவரும் வேகமிதியிலிருந்து காலை எடுக்க வேண்டியதில்லை. தனியே பிரிந்து முன்னேற எவருக்கும் ஆற்றலும் இல்லை. முப்பது நாற்பது கார்கள், இரண்டு மூன்று வரிசைகளாக, முழ இடைவெளியில், நொடிக்கு 280 அடி வீதம் பறந்தன. அவற்றுள் ஒன்று தடுமாறினால் பின்னால் வருபவன் விலக இடமுமில்லை, நேரமுமில்லை. பத்து, இருபது கார்கள் ஒருசேர நொறுங்கும் விபத்து வாடிக்கையாயிற்று. அதற்கு ‘பெரியது’ என்றே பெயரிட்டுவிட்டனர். ஒவ்வொரு பந்தயத்திலும் அது எப்போது வரும் என்று எதிர்பார்க்கவும் தொடங்கினர்.

பார்வையாளரைக் காக்க வந்த தகடு, ஓட்டுநர்க்குப் புதிய இடரைத் தந்தது. அதனைப் போக்க வேறு காப்புகள் தேவைப்பட்டன. 1994-ஆம் ஆண்டு முதல் காரின் கூரையில் மடிப்புத் தகடுகள் கட்டாயமாயின. கார் பின்புறமாகத் திரும்பினால் காற்றே அவற்றைத் திறந்துவிடும். கூரைமேல் ஓடும் காற்றின் ஒழுங்கு குலைந்து, தூக்கும் விசை தணியும். 2001 பிப்ரவரியில் டேட்டோனாப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவரைப்போல் புகழ்பெற்றவர் அக்களத்தில் மிகச் சிலரே. அதன்பின் தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அவ்வாண்டிலேயே கட்டாயமாயிற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய, எஃகுக் குழாயும் நுரைப்பொருளும் கொண்ட மோதல் தாங்கும் சுவர், 2002 முதல் பாதைகளில் இடம் பெறலாயிற்று. எர்ன்ஹார்டின் மரணத்துக்குப் பின் நாஸ்காரின் முதல்தரப் பந்தயங்களில் ஓட்டுநர் எவரும் உயிரிழக்கவில்லை. இப்பெருமை வேகக் குறைப்புக்கு மட்டும் உரியதன்று. இக்காப்புகளுக்கே பெரிதும் உரியது.

எனினும் வேலியின் வினா முற்றிலும் தீரவில்லை. 2009-இல் டாலடீகாவின் இறுதிச் சுற்றில் கார்ல் எட்வர்ட்ஸின் கார் எழும்பி வேலியில் மோதியது. பார்வையாளர் சிலர் காயமுற்றனர். அவரோ நொறுங்கிய காரிலிருந்து இறங்கி, முடிவுக்கோட்டை ஓடியே கடந்தார். 2013-இல் டேட்டோனாவில் இரண்டாம் தரப் பந்தயமொன்றில் ஒரு காரின் முன்பகுதி வேலியைக் கிழித்து உட்புகுந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 2015-இலும் அங்கே ஒரு கார் வேலியில் பறந்து மோதியது. இவையனைத்தும் கடிவாளமிட்ட கார்களே என்பதை மறத்தலாகாது.

2019-ஆம் ஆண்டு டேட்டோனாப் பந்தயத்தோடு அத்தகடு ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் கூம்பு வடிவத் துளைகளைக் கொண்ட தடித்த இடைத்துண்டு வந்தது. வேலை அதே வேலைதான். மறு ஆண்டு டேட்டோனாவில் ரயன் நியூமன் என்பவர் அஞ்சத்தக்க விபத்தில் சிக்கி உயிர் தப்பியபின், ஆற்றல் மேலும் குறைக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய திருப்பம் 2022-இல் நேர்ந்தது. அட்லாண்டா நகரத்துப் பாதையைப் புதுப்பித்தனர். புதுப்பித்தபோது சரிவைக் குறைக்கவில்லை. 24 பாகையிலிருந்து 28 பாகையாக உயர்த்தினர். பாதையின் அகலத்தையும் குறைத்தனர். பிறகு, வேகம் மிகாதிருக்க எஞ்சினின் மூச்சைக் கட்டினர். காரணம் யாது? கார்கள் கூட்டமாக ஓடும் அக்காட்சியை அங்கேயும் உண்டாக்க வேண்டும் என்பதே. காப்புக்காகப் பிறந்த கட்டுப்பாடு, காட்சிக்கான கருவியாகிவிட்டது. நோய்க்கென்று கொடுத்த மருந்தின் மயக்கம் பிடித்துப்போய், அம்மயக்கத்துக்காகவே மருந்தை நாடுவது போன்றது இது.

ஆயின் இளைஞர்களின் வினாவுக்கு என்ன விடை? காரின் மூச்சை அடைப்பது நியாயமே. ஏனெனில் பறக்கும் கார் யார்மீது விழும் என்பதை ஓட்டுநன் தீர்மானிப்பதில்லை. மனித உடலுக்கும் எல்லை உண்டு. 2001-இல் டெக்சாஸ் மாநிலத்துச் சரிவுப் பாதையில், ஸ்டாக் கார்களினும் இலகுவான, திறந்த சக்கரக் கார்களைக் கொண்டு நடக்கவிருந்த பந்தயமொன்று, தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் கைவிடப்பட்டது. மணிக்கு 230 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வளைவுகளின் அழுத்தத்தைத் தாங்காது, பயிற்சியிலேயே ஓட்டுநர் பலருக்குத் தலை சுழன்றதே காரணம். பணம் கட்டி வந்திருந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பினர். அதில் இழப்பு உண்டு, இழிவு இல்லை.

ஆனால் கட்டும் முறையில் வேறுபாடு உண்டு. எல்லோரையும் ஒரே அளவில் கட்டி, காலெடுக்கத் தேவையற்ற களத்தில் விட்டால், திறமை உடையவனும் இல்லாதவனும் ஒரே கூட்டத்தில் சிக்குகின்றனர். வளைவிலே வேகம் தணிக்க வேண்டிய பாதையாயின், அங்கே தணிப்பதும் விடுவதும் ஓட்டுநன் கையில் இருக்கும். கார்கள் தாமே பிரியும். ஆதலின் நெடுநோக்கில் சிறந்த வழி சரிவைக் குறைப்பதே என்பது நமது கருத்து. செலவு மிகுதி என்பர். அட்லாண்டாவில் சரிவை உயர்த்தச் செலவிட்டவர்கள், வேறிடத்தில் அதனைத் தாழ்த்தச் செலவிட முடியாதவர்கள் அல்லர். அதுவரை, வேலிக்கு அருகிலுள்ள இருக்கைகளை அகற்றிக் கூட்டத்தைப் பின்னே அமர்த்துவது அறிவுடைமை.

எந்தக் கட்டுப்பாட்டுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. அது யாரைக் காக்கிறது? அதனால் புதிய இடர் யார் தலையில் விழுகிறது? முதற்கேள்வியைக் கேட்டுச் சட்டம் செய்வோர் பலர். இரண்டாவதையும் கேட்போர் சிலரே. பந்தயக் களத்தைக் காணும் நம் பிள்ளைகள் வேகத்தின் வியப்போடு இவ்விரண்டு கேள்விகளையும் மனத்தில் கொள்வார்களாக.